வாசலுக்கு வந்த ஊர்மண்

புதிதாகக் கோலம் பழகும் பிள்ளை முதலில் செய்யும் தவறு மாவை அள்ளுவதுதான். கை நிறைய எடுத்துக்கொள்ளும். விரலிடுக்கெல்லாம் வழிந்து, புள்ளி விழ வேண்டிய இடத்தில் சின்னக் குன்று ஒன்று எழும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை போதும் என்பது வாயால் சொல்லி விளங்குகிற விஷயமில்லை. இரண்டு விரலையும் லேசாக உரசினால் மாவு இழையாக இறங்கும்; உரசுவதை நிறுத்தினால் நின்றுவிடும். கை கொஞ்சம் உயர்ந்தால் கோடு சிதறி அகலும், தாழ்ந்தால் விரல் பட்டு அழியும். இதை விரலே கற்றுக்கொள்ள வேண்டும்.

கோட்டக்குப்பத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மார்கழிக் கருக்கலில் அந்தப் பாடம் நடக்கும்.

“அவசரப்படாத பாப்பா, மாவு தானா விழணும்.”

“கோடு நெளியுது ஆயா.”

“நெளியட்டும். கைய மட்டும் எடுத்துறாத.”

கோட்டக்குப்பம் புதுச்சேரியின் வடக்கு வாசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவை எல்லை முடிந்து, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் தொடங்குகிற இடம். பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியானது. இசுலாமியர் மிகுதியாக வாழும் ஊர். கடலோரத்தில் மீனவக் குப்பங்கள். மேற்கே செம்மண் மேடு, அதன்மேல் பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில். பாங்கோசையும் மார்கழிப் பாட்டும் ஒரே விடியலில் காதில் விழும்.

மார்கழி பிறந்ததும் கடைகளில் வண்ணக் கோலப்பொடிப் பாக்கெட்டுகள் தொங்கத் தொடங்கிவிடும். ரோஸ், கிளிப்பச்சை, கத்திரிப்பூ நிறம், பளீரென்ற நீலம். இந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளையைக் கேட்டால் ‘கடையிலேர்ந்து’ என்றுதான் பதில் வரும். ஆனால் நீலம் விளைகிற வயல் இதே மாவட்டத்தில் இருக்கிறது. சிவப்பு, ஊருக்கு மேற்கே மேடாகவே எழுந்து நிற்கிறது. வெள்ளை, கடற்கரையில் கிளிஞ்சலாகக் கிடக்கிறது. பிள்ளைகளோடு இயற்கைப் பொருள்களில் கோலம் போடுவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பெரும்பாலும் ரசாயனத்தைத் தவிர்க்கும் யோசனையாக மட்டுமே அது நின்றுவிடுகிறது. அதையும் தாண்டி ஒரு பயன் உண்டு. தன் ஊர் எதனால் ஆனது என்று ஒரு பிள்ளை கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள, கோலத்தைப் போல எளிய வழி வேறு தென்படவில்லை.

இதைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக அரிசி மாவில் தொடங்குவார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் பச்சரிசி மாவில்தான் கோலமிட்டார்கள், எறும்புக்கும் குருவிக்கும் அணிலுக்கும் அது உணவானது, கல்மாவு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது என்பது அந்தக் கதை. தமிழ்நாட்டுக் கோலங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஜயா நாகராஜன் 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியே வெளியிட்ட நூலுக்கே ‘ஆயிரம் உயிர்க்கு உணவளித்தல்’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். இல்லறத்தார் நாள்தோறும் பிற உயிர்களுக்குச் சோறிட வேண்டும் என்ற கடமையின் தொடர்ச்சியாகவே பெண்கள் கோலத்தைப் பார்க்கிறார்கள் என்பதை அந்த நூல் விரிவாக எடுத்துக்காட்டுகிறது. அது பொய்யில்லை. அரிசி மாவுக் கோலத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் குந்தியிருக்கும் பிள்ளைக்கு எறும்புகள் வரிசை கட்டி வருவதும், ஒவ்வொன்றும் ஒரு துகளைத் தூக்கிக்கொண்டு திரும்புவதும், கோட்டின் ஒரு பக்கம் மெல்லத் தேய்வதும் கண்கூடாகத் தெரியும்.

ஆனால் கதை முழுதும் அப்படியே இல்லை. அரிசியே அரிதாக இருந்த வீடுகள் எத்தனையோ. கேழ்வரகும் கம்பும் தின்று வாழ்ந்த குடும்பம் தினமும் வாசலில் பச்சரிசியை இறைத்திருக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த பொடியும், சுண்ணாம்பும், மணலும் கை கொடுத்தன. இன்னும் பின்னால் போனால், ஆண்டாளின் நாச்சியார் திருமொழி தன் முதல் பதிகத்திலேயே தை மாதத்தில் தரையைத் துப்புரவாக்கி மண்டலமிடுவதையும், நுண்ணிய வெள்ளை மணலால் தெருவை அலங்கரிப்பதையும் பேசுகிறது. அடுத்த பதிகம் சிற்றில் பற்றியது: சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் சின்ன வீடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த இரண்டு பதிகங்களை அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு, வாசல் அலங்காரமும் பிள்ளை விளையாட்டும் ஒரே மணலில் தொடங்கியவை என்றே தோன்றும். பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றிலுக்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கிவைத்திருப்பதும் சும்மா இல்லை.

ஆக, இயற்கைப் பொருள் என்பது அரிசி மாவு மட்டுமில்லை. அந்தந்த ஊர் எதைக் கொடுக்கிறதோ அது. நெல் விளையும் ஊருக்கு மாவு. கல் கிடைக்கும் ஊருக்குக் கல்பொடி. கடலோர ஊருக்கு மணல். இந்தக் கண்ணோடு கோட்டக்குப்பத்தைப் பார்த்தால் ஊரே ஒரு வண்ணப்பெட்டியாகத் திறந்துகொள்கிறது.

சிவப்பிலிருந்து தொடங்கலாம். கோட்டக்குப்பத்துக்கு வடக்கே பொம்மையார்பாளையம் பக்கம் மழைநீர் அறுத்துப்போட்ட செம்மண் ஓடைகள் உண்டு. கரை செங்குத்தாக நிற்கும். மேலே காவி, நடுவில் ஆரஞ்சு, கீழே வெளிறிய மஞ்சளும் வெள்ளையும் எனப் பட்டை பட்டையாக நிறம் மாறும். கடலூர் மணற்கல் எனப் புவியியலாளர் அழைக்கும் படிவத்தைச் சேர்ந்த நிலம் இது. இதே படிவத்தில்தான் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோன்னரா 1781இலேயே அவற்றைப் பதிவு செய்தார். மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது அதிலுள்ள இரும்பு. துருப்பிடித்த ஆணியும் வாசலில் கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவிப் பட்டையும் ஒரே பொருளால் சிவக்கின்றன என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அது நம்பாது. துருவைச் சுரண்டி மண்ணின் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நம்பும்.

அந்த மண்ணைக் காவியாக்குவதே அரைநாள் வேலை. ஒரு கை மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கி விட்டால் கல்லும் பருமணலும் உடனே அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மெதுவாக இறுத்து, அசையாமல் வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் அடியில் வெண்ணெய் போல ஒரு படலம் படியும். மேல்நீரை வடித்துவிட்டு அதைக் காயவைத்தால் காவி. விரலில் தேய்த்தால் மணல் நெருடாது. பருத்தது முதலில் மூழ்கும், நுண்ணியது கடைசியில் படியும் என்ற பாடத்தைப் பிள்ளைகள் வாளிக்குள்ளேயே பார்த்துவிடுகிறார்கள்.

இந்தச் செம்மண் மேட்டுக்கு இன்னொரு பிடிமண் கதையும் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, மரமே இல்லாத பொட்டலாக இருந்த இந்த மேட்டில் 124 நாடுகளின் சார்பாகவும் இந்திய மாநிலங்களின் சார்பாகவும் இளைஞர்கள் வந்து, தங்கள் மண்ணில் ஒரு பிடியைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். அந்தத் தாழி இன்றும் ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் அருகே இருக்கிறது. அங்கே பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் தாழிக்குள் உள்ள மண்ணைப் பற்றிச் சொல்வதோடு, காலடி மண்ணையும் ஒரு சிட்டிகை எடுத்துக் கையில் கொடுக்கலாம்.

நீலத்தின் கதை இதைவிடச் செழிப்பானது. திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் அவுரி நெடுங்காலமாகப் பயிராகிறது. கொங்கரப்பட்டில் அவுரித் தழையிலிருந்து நீலம் எடுக்கும் தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பூவோ காயோ இதில் பயனில்லை. பச்சைத் தழைதான் வேண்டும். பச்சையாக இருக்கும் இலையில் நீலத்தின் சுவடே தெரியாது. தழையைத் தொட்டி நீரில் ஊறவைப்பார்கள். ஊறிய நீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். அந்த நீரை அடுத்த தொட்டிக்கு விட்டு, ஆட்கள் இறங்கி அடித்துக் கலக்குவார்கள். காற்று உள்ளே புகப் புக நுரை நீலமாகும். பிறகு நீரும் நீலமாகி, சாயம் அடியில் படியும். அதைக் காய்ச்சி வடித்து, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். ஆரோவில்லின் ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ சாயப்பட்டறை அவுரியைப் புளிக்கவைக்கும் பழைய முறையில் துணிக்கு நீலம் ஏற்றுகிறது. வெளிறிய பச்சையாகத் தொட்டியிலிருந்து வெளிவரும் துணி, காற்றுப் பட்ட சில நிமிடங்களில் கண்ணெதிரே நீலமாவதைப் பார்க்கும் பிள்ளை அதை எளிதில் மறக்காது.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று ‘கினே’ எனப்பட்ட நீலத் துணி. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் அதைக் கொடுத்துக் கருவேலப் பிசின் வாங்கினார்கள் பிரெஞ்சு வணிகர்கள். இந்த வட்டாரத்து நீலம் கண்டம் தாண்டிப் பணமாகப் புழங்கியிருக்கிறது. புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர் அங்கு கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத் தொட்டிகள் என்றே கருதினார். அப்படிப்பட்ட ஊரின் பிள்ளை, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை மாவில் கலந்து கோலம் போடுவதைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவுரிக் கட்டியை உரசி அரிசி மாவில் கலந்தால் சாம்பல் சாயல் கொண்ட அடக்கமான நீலம் வரும். பாக்கெட் நீலத்தின் பளபளப்பு அதற்கு இராது. அவுரி கிடைக்காவிட்டால் வேலியில் படரும் சங்குப்பூ இருக்கிறது. பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் பச்சரிசி மாவைக் கரைத்தால் வெளிர்நீல மாக்கோலத்துக்கு ஆகும். ஓரமாக ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த இடம் மட்டும் ஊதாவாகிச் சிவக்கும்.

மஞ்சளும் இப்படி நிறம் மாறும். மஞ்சள் தூளில் சிட்டிகை சுண்ணாம்பைக் குழைத்தால் ஆரத்திச் சிவப்பு. ஆரத்தித் தட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கும் பிள்ளைக்கும் அந்தச் சிவப்பு மஞ்சளிலிருந்துதான் வருகிறது என்பது தெரியாமலே இருக்கும். கேரளத்தின் களமெழுத்துக் கலைஞர்கள் பகவதிக்கும் நாகத்துக்கும் தரையில் பேருருவம் எழுத இன்றுவரை ஐந்தே பொடிகளை வைத்துக்கொள்கிறார்கள். அரிசி மாவு வெள்ளை, மஞ்சள் தூள், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்த சிவப்பு, நெல் உமியைக் கருக்கிய கறுப்பு, வாகை போன்ற மரங்களின் இலையை உலர்த்தி இடித்த பச்சை. இந்த ஐந்தில் எதற்கும் கோட்டக்குப்பத்தில் பஞ்சமில்லை. அவர்களுக்கு இல்லாத ஆறாவது நிறமான நீலம் இங்கே உண்டு என்பது கூடுதல் பெருமை.

வெள்ளைக்குக் கடலும் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது கடலோரத்தின் பழைய தொழில். வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கின்றன. போட்டிக் கோலங்களில் உப்பைப் பொடித்து நிறமேற்றிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. உப்பு நன்றாக விழும், மினுங்கும். ஆனால் கூட்டி வாரித் தோட்டத்தில் கொட்டினால் அந்த இடத்தில் செடி கருகும். இயற்கைப் பொருள் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் கணக்கு. கிளிஞ்சலுக்கு வந்த கேடு வேறு மாதிரி. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, கடற்கரை தேயத் தொடங்கியது. தேய்வு சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று வடக்கே ஏறி வந்தது. அலைக்கு அணையாகக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய கரையில் கிளிஞ்சல் பொறுக்கவோ மணலில் வீடு கட்டவோ பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆண்டாள் பாடிய சிற்றிலுக்கு வேண்டிய நிலம் இந்தக் குப்பங்களில் கடலுக்குள் போயிருக்கிறது.

பொருள் சேர்ந்தபின் புள்ளிக்கு வரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மாவுப் புள்ளி வரிசையாக வராது. புள்ளிக்குப் பதில் புளியங்கொட்டை, சவுக்குக் காய், கிளிஞ்சல் ஏதாவது ஒன்றை வைத்தால் தவறிய வரிசையைத் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். இந்தக் கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளில் காய் கொட்டிக் கிடக்கிறது. சுண்டுவிரல் நுனியளவு, உருண்டை, உருளாத முரட்டுத் தோல். புள்ளிக்கென்றே பிறந்தது போலிருக்கும்.

மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு என்று ஆறு சவுக்குக் காய்களை வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் தொடங்கிச் சாய்வாகக் காய்களுக்கு நடுவே நுழைந்து, விளிம்பு வந்ததும் காயைச் சுற்றி வளைந்து, மறுபடி சாய்வாக நுழைந்து, வந்த கோட்டை எதிர்ப்படும் இடத்தில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். கோடு தன்னைத் தானே ஏழு இடத்தில் வெட்டி, ஆறு காயையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். கை எடுக்க வேண்டியதில்லை. இப்போது இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு என்று நான்கு காய். எளிது என்று தோன்றும். ஆனால் கோடு இரண்டு காயை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். மீதி இரண்டுக்கு வேறு கோடு போட வேண்டும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று கோடு. மூன்றுக்கு நான்கு வைத்தால் மறுபடி ஒரே கோடு! நான்குக்கு ஆறு, இரண்டு கோடு.

பிள்ளைகள் இதை ஒரு மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். காரணம் சொல்லத்தான் தெரியாது. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் பெரியது எதுவோ அத்தனை கோடு. ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. நான்கு காய்க் கோலத்தில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் ஏதாவது ஒன்றில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். சிக்குக்கோலம் போடும் பெண்கள் இதைப் பெயர் சொல்லாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974இல் கோலத்தை முன்வைத்துப் படங்களுக்கான இலக்கணம் ஒன்றை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதற்கு விதி இருப்பது போல, புள்ளியும் வளைவும் சேர்ந்து கோலமாவதற்கும் விதி எழுதலாம் என்பது அதன் சாரம். கணிப்பொறி அறிவியலில் படமொழிகள் என்ற துறை வளர அது உதவியது. கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002இல் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் கோலத்தைப் பற்றி எழுதி, இந்த வேலையை வெளியுலகப் பொதுவாசகரிடம் கொண்டுபோனார்.

மணலில் புள்ளி வைத்துக் கை எடுக்காமல் கோடிழுப்பது தமிழர் மட்டும் செய்வதில்லை. அங்கோலாவின் சொக்வே மக்கள் ‘சோனா’ என்று வரைகிறார்கள். அதை ஆண்கள் வரைவார்கள், கதை சொல்லிக்கொண்டே வரைந்து சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் மணல் ஓவியத்தை யுனெஸ்கோ 2008இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பவுலஸ் கெர்டெஸ் சோனாவையும் தமிழ்க் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு வந்தது நம் பையன்களுக்கு வராதா என்ன? கோலம் பெண்பிள்ளை வேலை என்று ஆண்பிள்ளையை உள்ளே அனுப்பும் வழக்கத்தைச் சவுக்குக் காய்கள் எளிதில் உடைத்துவிடும். காயை அடுக்கக் கூப்பிட்டால் பையன்கள்தான் முதலில் ஓடிவருவார்கள்.

பொருளைத் தேர்வதில் கவனம் வேண்டும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணியைக் கோலத்தில் வைக்க ஆசை வரும். ஓடு உடைந்து வயிற்றுக்குள் போனால் அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. முழுச்சிவப்பாக இருக்கும் மஞ்சாடி விதையை அதற்குப் பதில் வைக்கலாம், அதையும் வாயில் போடாத வயதுப் பிள்ளைகளிடம். அரளிப்பூ சாலையோரமெல்லாம் கொத்தாகப் பூத்திருக்கும். செடி முழுதும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கிடைக்கும் பச்சை முந்திரிக்கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும். சுண்ணாம்பைப் பெரியவர்களே குழைக்க வேண்டும். கல்மாவை முகத்துக்கு நேரே தட்டிச் சலிக்கவிடக் கூடாது. கல்தூள் நெஞ்சுக்குள் போவது யாருக்கும் நல்லதில்லை. இதெல்லாம் ஆயாக்களுக்குத் தெரியும். இணையத்தில் ‘இயற்கைக் கோலம்’ படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்கும் இளம் ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை.

மாவிலும் ஒரு நுட்பம் உண்டு. கடையில் வாங்கும் இடியாப்ப மாவு மிக நைசு; பிள்ளையின் வியர்த்த விரலில் அப்பிக்கொள்ளும். பச்சரிசியைக் கழுவி உலர்த்தி, மெல்லிய ரவைப் பதத்துக்குத் திரித்துச் சலித்தால் விரலிலிருந்து உதிரும். மாக்கோலத்துக்கு ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்துக் கரைத்து, சின்னத் துணியை அதில் நனைத்துக் கைக்குள் பிடித்து, மோதிர விரல் வழியே வழியவிட்டு இழுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது கோடே தெரியாது, காயக் காயத்தான் வெண்மை எழும். போட்டுவிட்டுப் போன பிள்ளை கால்மணி நேரம் கழித்து ஓடிவந்து பார்த்து, தானே போட்டதா என்று மலைத்து நிற்கும்.

கோட்டக்குப்பத்தைச் சுற்றி இதற்கெல்லாம் களம் இல்லாமல் இல்லை. ஆரோவில்லின் மோகனம் பண்பாட்டு மையம் சுற்றுவட்டார ஊர்களின் கைவினையையும் விழாக்களையும் வருகிறவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதியின் மேல் நாள்தோறும் பூக்களை வட்டமாகவும் பட்டையாகவும் அடுக்கும் அழகு, பொறுமையாக நின்று பார்க்கிற பிள்ளைக்கு ஒரு பாடம். இன்று பார்த்த வடிவம் நாளைக்கு இராது. பொங்கலுக்கு முந்திய வாரத்தில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சமத்துவப் பொங்கல் நடக்கிறது, கூடவே கோலப்போட்டியும். எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒரே தரையில் குந்துகிற நாள் அது. வீட்டு வாசலில் கோலமிடும் வழக்கமில்லாத இசுலாமியப் பிள்ளைகள், பெருநாளுக்கு மருதாணி வைத்துப் பழகிய கையோடு வருகிறார்கள். இலையை அரைத்து உள்ளங்கையில் கொடி வரைந்த விரலுக்குத் தரையில் கோடிழுப்பது அன்னியமாக இராது. போட்டிக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் அளவையும் பளபளப்பையும் மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு நிறமும் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மதிப்பெண் போட்டால் ஒரே ஆண்டில் நிலைமை மாறும்.

கடல் தாண்டிப்போன தமிழர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபரும் துணை அதிபர் கமலா ஹாரிஸும் பதவியேற்றதை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரவர் வீட்டிலிருந்தே கோலத் துண்டுகளை வரைந்து அனுப்பினார்கள். அவர்களில் பிள்ளைகள் ஏராளம். பழைய அட்டைகளில் வரைந்த அந்தத் துண்டுகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு பெருங்கோலமாயின. வாசலும் ஈரத் தரையும் இல்லாத ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது அட்டை, அதில் வரைந்தார்கள்.

பிள்ளைகளுக்கென்றே ஒரு கோலத் திருவிழா தமிழ்நாட்டின் தெற்கே இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்க வாசல் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப் பூவையும் பீர்க்கம் பூவையும் அன்று மாலையே தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் காயவைப்பார்கள். தினம் ஒன்றிரண்டாகச் சேர்ந்து மாதக் கடைசியில் அடுக்காகும். தைப்பொங்கல் கழிந்ததும் வாசலில் களிமண்ணால் சின்னச் சுவர் எழுப்பி, அறையும் அடுப்படியும் வகுத்து, சிறுமியருக்கு ஒரு சிறுவீடு கட்டிக் கொடுப்பார்கள். சில வீடுகளில் சுவருக்குப் பதில் கோலத்தாலேயே வீடு வரைவதுண்டு. அந்தச் சின்ன வீட்டின் முன்னால் சின்னப் பானையில் பால் பொங்கும்.

விழுப்புரம் பக்கமும் மார்கழியில் பூசணிப் பூ வாசலுக்கு வருகிறது, சாணத்தில் நிற்கிறது, வெயில் ஏற வாடுகிறது. அதை எடுத்துத் தட்டிக் காயவைக்க ஒரு சுவர் போதும்.

தெற்கே, சிறுவீட்டில் பொங்கி முடித்த மாலையில் சிறுமிகள் தட்டில் பூவரட்டிகளை அடுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். வரட்டியின் மேல் கற்பூரத்தை ஏற்றி, ஒவ்வொன்றாக நீரில் விடுவார்கள். மார்கழி முப்பது நாளும் வாசலில் இருந்த பூக்கள், சுடரைச் சுமந்துகொண்டு தாமிரபரணியில் மெல்ல நகர்ந்து போகும். தன் வரட்டி எது, அடுத்த வீட்டுப் பிள்ளையுடையது எது என்று கரையில் நின்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.